ஷெரூட்: பர்மாச் சுருட்டின் ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது?

தம்பி, உங்கள் கேள்வி இது: ரங்கூனில் படிக்கும் உங்கள் மகள் பழைய ஆங்கிலக் கதை ஒன்றில் 'ஷெரூட்' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறாள். பர்மாவில் நடக்கும் கதை என்பதால் அது பர்மியச் சொல் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அகராதியில் 'ஒரு வகைச் சிகார்' என்று மட்டும் போட்டிருக்கிறது. அது எந்த மொழிச் சொல், சிகாருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, தமிழில் எழுதினால் எப்படி எழுதுவது?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அது தமிழ்ச் சொல். நம்முடைய 'சுருட்டு'தான் ஆங்கிலேயர் வாயில் 'ஷெரூட்' ஆனது. ஊகமாகச் சொல்லவில்லை, ஆங்கிலத்தின் பெரிய அகராதிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. ஆனால் தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. நடுவில் போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் இருக்கிறார்கள். பர்மா அப்புறம்தான் வருகிறது.

அது தமிழிலேயே பிறந்த சொல் என்பதற்கு அகராதியைவிட நல்ல சாட்சி நம் இலக்கணம். உருள், உருட்டு, திரள், திரட்டு, மருள், மருட்டு. இந்த வரிசையில்தான் சுருள், சுருட்டு என்பதும் வருகிறது. தானாகச் சுருண்டால் சுருள். ஒருவர் கையால் செய்தால் சுருட்டு. பூட்டு, கட்டு என்று வினையே பெயராக நிற்பதுபோல, சுருட்டுவதால் கிடைத்த பொருளுக்கும் சுருட்டு என்றே பெயர். பாயைச் சுருட்டுகிறோம், நாய் வாலைச் சுருட்டுகிறது, சீட்டு நடத்தியவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். இந்த வேர் தமிழில் புகையிலைக்கு முன்பிருந்தே இருக்கிறது. புகையிலைச் செடிதான் வந்தேறி: அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. புதிதாக வந்த இலைக்குப் 'புகை இலை' என்றும், அதை உருட்டிச் செய்ததற்குச் 'சுருட்டு' என்றும் வீட்டில் இருந்த சொற்களையே எடுத்து நம்மவர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலேயர் காதில் இந்தச் சொல் எப்போது விழுந்தது? தாமஸ் பௌரி என்ற ஆங்கிலக் கடல் வணிகர் 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைத்தார். நம் பக்கத்து ஏழை மக்கள் புகையிலையை எப்படிக் குடிக்கிறார்கள் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை உதட்டில் பிடித்துக்கொள்கிறார்களாம். இதற்குப் 'பங்கோ' என்று பெயர், போர்த்துக்கீசியர் 'செரூட்டா' என்கிறார்கள் என்று முடிக்கிறார்.

கவனித்தீர்களா, தமிழர் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை. அவருக்கு அது போர்த்துக்கீசியர் சொல். ஆங்கிலேயர் வந்து இறங்குவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும் போர்த்துக்கீசியர் குடியிருந்தார்கள். துறைமுகத்தில் வியாபாரம் பேச ஒருவகைக் கொச்சைப் போர்த்துக்கீசியம்தான் பொதுமொழி. துபாஷி, அதாவது இரு பக்கத்துக்கும் பேச்சை மொழிபெயர்க்கிறவன், தமிழனாக இருந்தாலும் வெள்ளைக்காரனோடு அதில்தான் பேசுவான். அதனால் நம் சொற்கள் பல ஆங்கிலத்துக்குப் போகும்போது போர்த்துக்கீசியச் சட்டை மாட்டிக்கொண்டு போயின. இன்றைக்கும் லிஸ்பனில் சிகாருக்குப் பெயர் 'ஷருத்து'. பிரேசிலில் இன்னும் ஒரு படி மேலே போய், முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்த பலகாரத்துக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் 'பங்கோ'வையும் விட்டுவிடக் கூடாது. அது மலாய் மொழியின் 'புங்குஸ்'. பொட்டலம், பொதிந்து கட்டியது என்று பொருள். மலேசியாவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கடையில் சோறு கட்டிக் கொடுக்கச் சொல்ல இன்றும் அந்தச் சொல்தான். ஒரு காலத்தில் பம்பாய் வரைக்கும் சுருட்டுக்குப் 'பங்கஸ்' என்ற பெயர் புழங்கியிருக்கிறது. இரண்டு சொல்லும் ஆங்கிலத்துக்குள் போகப் போட்டி போட்டன, நம்முடையது நின்றது, மற்றது மறைந்துபோனது. மலாய்க்காரர்களே கடைசியில் சிகாருக்குச் 'செருத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் சுருட்டுதான்.

சரி, 'சு' எப்படி 'ஷெ' ஆனது? ஆங்கில எழுத்துக்கூட்டலை (cheroot) பார்த்தால் 'செரூட்' என்று படிக்கத் தோன்றும். ஆனால் ஆங்கிலேயர் 'ஷ' ஒலியோடுதான் சொல்கிறார்கள், அழுத்தமும் இரண்டாவது அசையில் விழுகிறது: ஷெ-ரூட். தொடக்கத்தில் இருக்கும் 'ch' என்ற இரண்டு எழுத்துக்கும் 'ஷ' ஒலி கொடுப்பது பிரெஞ்சு வழக்கம். அகராதிகளும் பிரெஞ்சு வழியாகத்தான் சொல் போனதாகக் காட்டுகின்றன. புதுச்சேரி இருந்த கரையில் இது ஆச்சரியமில்லை. கடைசியில் இருக்கும் 'உ' நம் வாயிலேயே பாதி மாத்திரைதான், குற்றியலுகரம். வெள்ளைக்காரன் அதை முழுதாக விழுங்கிவிட்டான்.

தமிழ் எழுத்தில் சுருட்டு எங்கே வருகிறது என்று ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர் தேடியிருக்கிறார்கள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் களஞ்சியம் இவர்களுடையது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழும் வடமொழியும் அறிந்தவர். நூல் அச்சாகும் முன்பே 1882-இல் இறந்துபோனார். தங்களுக்குத் தெரிந்து மிகப் பழைய இடம் என்று அவர்கள் காட்டுவது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை. குருவும் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது கடந்தால் ஆபத்தாம்! தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போய்த் தண்ணீரில் வைக்கிறான், சுர்ரென்று சீறுகிறது, ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது என்று அலறியடித்துத் திரும்பி ஓடி வருகிறான். சிறு வயதில் நாமெல்லாம் கேட்டுச் சிரித்த கதை. அந்தக் கொள்ளிக்கட்டை அவன் கையில் ஏன் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. புகையிலைச் சுருட்டுப் பற்றவைக்கத்தான் அதை வைத்திருந்தான். அந்தக் கதையை யூலும் பர்னெலும் சுமார் 1725 என்று கணக்கிடுகிறார்கள். இத்தாலியில் பிறந்த ஒரு பாதிரியாருக்கு, மடத்துச் சீடன் கையில் சுருட்டைக் கொடுத்தால் தமிழ் வாசகர் ஆச்சரியப்பட மாட்டார் என்று தெரிந்திருக்கிறது. அதற்குள் அது அவ்வளவு சாதாரணப் பொருளாகிவிட்டது. பௌரியின் குறிப்பு இதைவிட ஏறக்குறைய 50 ஆண்டு மூத்தது.

இப்போது சிகாருக்கும் இதற்கும் வேறுபாடு. சிகார் என்பது ஸ்பானியர் வழி வந்த சொல், வேர் மத்திய அமெரிக்காவின் மாயா மொழியில் இருப்பதாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். கியூபாச் சிகாருக்கு ஒரு முனை மூடி, வழவழப்பாக முடிந்திருக்கும். அதை வெட்டிவிட்டுத்தான் வாயில் வைக்க முடியும், அதற்கென்று தனிக் கத்தரி விற்கிறார்கள். சுருட்டுக்கு அந்த வேலை கிடையாது. இரண்டு முனையும் வெட்டி, இரண்டு பக்கமும் திறந்து, நீளம் முழுக்க ஒரே பருமனாக இருக்கும். கறாரான ஆங்கிலத்தில் ஷெரூட் என்றால் இந்த வடிவம்தான். செய்வது எளிது, அதனால் விலையும் குறைவு. பிலிப்பைன்ஸில் ஸ்பானிய அரசு 1782-இல் புகையிலையைத் தன் தனியுரிமையாக்கி, ஏறக்குறைய நூறு ஆண்டு அங்கே சுருட்டித் தள்ளியது. அந்தச் சரக்கையும் ஆங்கிலேயர் 'மணிலா ஷெரூட்' என்றுதான் விற்றார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்ஸில் செய்ததற்குத் தமிழ்ப் பெயர்! அமெரிக்காவில் வர்ஜீனியாப் புகையிலையில் செய்த மலிவுச் சரக்குக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் மகள் நாளைக்குக் அமெரிக்கக் குதிரைக்காரர் (கௌபாய்) கதை எதையாவது படித்தால் அங்கேயும் பார்ப்பாள்.

நம் நாட்டுச் சரக்கில் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று திருச்சிராப்பள்ளிச் சுருட்டு. அதற்குத் திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை போகும். மற்றொன்று கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளைந்த புகையிலையில் செய்த 'லங்கா'. தெலுங்கில் ஆற்றுத் தீவுக்கு லங்கா என்று பெயர், இது இலங்கை நாட்டுச் சரக்கு இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் இரண்டுமே வருகின்றன. 1887-இல் வந்த முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுவார். அந்தக் காலத்து லண்டன் வாசகருக்கு அதை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பர்மாவுக்கு வருவோம். ஆங்கிலேயர் பர்மாவுக்குள் நுழைந்தது பெரும்பாலும் நம் கரையிலிருந்துதான். 1824-இல் தொடங்கிய முதல் போரில் மதராஸ் படைப்பிரிவுகள் முக்கியப் பங்கு எடுத்தன. 1826 உடன்படிக்கையில் தெனாசெரிம் என்ற தென்பர்மாக் கரை அவர்கள் கைக்குப் போனதும் மோல்மீன் அவர்களுடைய தலைமை ஊரானது. 1852 போரில் ரங்கூனும் பெகுவும் போயின. 1885-இல் பர்மிய அரசரின் தலைநகரான மண்டலேயும் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் கப்பலில் சிப்பாயாக, கூலியாக, கணக்கப்பிள்ளையாக, வட்டிக்கடைச் செட்டியாராக நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடு வந்த ஆங்கில அதிகாரி மதராஸில் ஷெரூட் குடித்துப் பழகியவன். இங்கே பர்மாவுக்கு வந்து பார்த்தால் ஆண், பெண், கிழவி என்று எல்லார் வாயிலும் பெரிய பெரிய சுருட்டு. புதுப் பெயர் தேட அவனுக்கு என்ன தேவை? வாயில் இருந்த பெயரையே வைத்துவிட்டான். 'ஹாப்சன்-ஜாப்சன்' யூலும் 1855-இல் ஆவா அரசவைக்கு, அதாவது பர்மிய அரசரிடம், போன ஆங்கிலத் தூதுக்குழுவில் செயலராக இருந்தவர்தான். பர்மாவை நேரில் பார்த்த அந்த மனிதர்தான் இது தமிழ்ச் சொல் என்று பதிவு செய்தார்.

பிறகு ஏன் உலகம் இதைப் பர்மியச் சொல் என்று நினைக்கிறது? என் கணிப்பில் பெரும் பழி ஆங்கிலக் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங் மேல்தான் விழ வேண்டும். 1889-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தவர், ரங்கூனிலும் எங்கள் மோல்மீனிலும் கொஞ்ச நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு 'மண்டலே' என்ற பாட்டை எழுதினார். மண்டலேக்கு அவர் போனதே இல்லை. பாட்டில் வருவது மோல்மீன் பகோடா. குன்றின் மேல் இருக்கும் கியைக்தன்லான்தான் அது என்று இங்கே வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அந்தப் பகோடாவுக்குப் பக்கத்தில் பர்மியப் பெண் ஒருத்தி பெரிய வெள்ளைச் சுருட்டு ஒன்றைப் புகைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அதோடு ஷெரூட் என்றால் பர்மா, பர்மா என்றால் ஷெரூட் என்றாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டில் யானைகள் சேற்றுக்கால்வாயில் தேக்கு மரம் அடுக்குகின்றன. 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம் பக்கத்துச் சொத்து. மலையாளத்திலும் தமிழிலும் தேக்கு, போர்த்துக்கீசியர் அதைத் 'தேக்கா' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். பர்மியர் தங்கள் தேக்கை 'ச்சுன்' என்பார்கள். ஆக, பர்மாவைக் கண்முன் நிறுத்தும் என்று ஆங்கிலேயர் இன்றும் பாடுகிற பாட்டில் பர்மிய வாசனைக்கென்று போட்ட இரண்டு பொருளுக்கும் பர்மியப் பெயரே இல்லை.

சுருட்டுக்குப் பர்மியப் பெயர் 'ஸேலெய்'. உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் பிரித்துப் பாருங்கள். 'ஸே' என்றால் மருந்து, புகையிலைக்கும் அதுதான் சொல். 'லெய்' என்றால் சுருட்டுவது. நம்மிடம் கேட்காமலே அவர்களும் கை செய்கிற வேலையை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தெலுங்கரின் 'சுட்ட' என்பதும் சுற்றுவதிலிருந்து வந்தது, மலாய்க்காரரின் புங்குஸ் பொதிவதிலிருந்து. இந்த விரிகுடாவைச் சுற்றி நான்கு மொழிக்காரர்கள் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள். வினைச்சொல்லிலும் ஒற்றுமை உண்டு. நாம் சுருட்டுக் 'குடிக்கிறோம்', பர்மியரும் ஸேலெய் 'தௌ' என்று, குடிப்பதாகத்தான் சொல்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் புகையிலையைக் குடித்தவர்களே, அப்புறம்தான் தனி வினை பிடித்துக்கொண்டார்கள்.

கிப்ளிங் பெண் கையில் இருந்தது அகராதி சொல்லும் ஷெரூட்டா என்று கேட்டால், கறாராகப் பார்த்தால் இல்லை. பர்மாவில் இரண்டு வகை. முழுக்கப் புகையிலையையே இலையில் சுற்றிய காரச் சரக்கு 'ஸேபியின்லெய்'. அது நம் திருச்சிச் சுருட்டின் சாதி. மற்றது 'ஸேபோலெய்', அதாவது மென் சுருட்டு. அதில் நறுக்கிய புகையிலையோடு தண்டுத் துண்டுகளும் மரச்சீவலும் கலந்து, புளி, வெல்லம், அன்னாசிப்பூ என்று இடத்துக்குத் தகுந்த வாசனை சேர்ப்பார்கள். மேலே சுற்றுவது புகையிலை இலை கிடையாது. ஷான் மலையிலிருந்து வரும் 'தனப்' இலை, நம் நறுவிலி இனத்து மரத்தினுடையது. இல்லையென்றால் சோளக்கதிரின் மேல்தோல். பெகுவிலும் இன்லே ஏரி ஊர்களிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு குச்சியை வைத்து இலையைச் சுருட்டி, வாயில் வைக்கும் முனையில் சோளத்தோல் சுருளைச் செருகி, பசை தடவி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சோளத்தோல் சுற்றியது வெளுத்து, தடிமனாக இருக்கும். பாட்டில் வரும் 'வெள்ளை' அதுவாகத்தான் இருக்க வேண்டும். எடை பார்த்தால் அதில் புகையிலை கொஞ்சம்தான். 'மென்' என்ற பெயரை நம்பி உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள், அது தவறு. புகை புகைதான்.

ஆக, ஷெரூட் என்ற சொல் ஒரு வடிவத்தைக் குறிக்கப் பிறந்து, பர்மாவுக்கு வந்தபோது கொஞ்சம் தளர்ந்துவிட்டது. திருச்சிச் சுருட்டைப் பற்றிப் படிக்கும்போது அகராதி விளக்கம் சரியாகப் பொருந்தும். பர்மாக் கதையில் படிக்கும்போது 'பெரிய சுருட்டு' என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும். இன்றைய ஆங்கிலத்தில் அன்றாடம் யாரும் இதைச் சொல்வதில்லை. பழைய கதை, பர்மாப் பயணக் கட்டுரை, சிகார்க் கடைப் பட்டியல், இந்த மூன்று இடம்தான் மிச்சம்.

தமிழில் எழுதுவது பற்றி. தயவுசெய்து 'செரூட்' என்று ஒலிபெயர்க்காதீர்கள். நம் வீட்டுப் பெண்ணை வெளிநாட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கதையாகிவிடும். 'சுருட்டு' என்று எழுதினால் போதும். பர்மா வகையைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் முதல் இடத்தில் மட்டும் 'பர்மாச் சுருட்டு' என்று போடலாம். கியூபாச் சரக்கு வரும் இடத்தில் சிகார் என்றே விடுவதுதான் தெளிவு, இல்லையென்றால் ஒரே கதையில் இரண்டும் வரும்போது வாசகர் குழம்புவார். இன்னொரு பள்ளம் உண்டு, மொழிபெயர்க்கிறவர்கள் விழக்கூடியது: பழைய ஆங்கிலக் கதையில் ஒருவர் 'ஒரு ட்ரிச்சினாபொலியைப் பற்றவைத்தார்' என்றோ, 'ட்ரிச்சி' என்றோ வந்தால் அங்கே ஊர் எதுவும் எரியவில்லை. அது திருச்சிச் சுருட்டு.